லும்பியா சுருட்டாத கை

நாத்தனார் என்றாலே கொடுமைக்காரிதான் என்று எல்லா ஊரிலும் ஒரு பேச்சு உண்டு. கனடாவில் நாங்கள் இருக்கிற ஸ்டைன்பாக்கில் அந்தப் பேச்சுக்கு என் முகத்தை வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எங்கள் பிலிப்பினோப் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்கும், நகர்ந்தால் தொடரும். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஹெர்மினியா தம்பி பெண்டாட்டியை வீட்டில் சேர்த்துக்கொண்டாளே தவிர மேசையில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். இதைக் கிளப்பிவிட்டவள் நெனிதா. என்னோடு உட்கார்ந்து லும்பியா சுருட்டி, என்னிடமே கூலி வாங்கிக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் இந்தப் பேச்சு. போகட்டும், அவள் கை வேகம், அதனால் பொறுத்துக்கொள்கிறேன்.

அந்த மேசை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நான் வீட்டிலிருந்தே லும்பியா செய்து விற்கிறவள். கோழிக்கறியையும் கேரட்டையும் பொடியாக அரிந்து, மெல்லிய மாவுத்தாளில் வைத்து, விரல் தடிமனுக்குச் சுருட்டி, மொறுமொறுவென்று பொரித்தெடுப்பது. கல்யாணம், ஞானஸ்நானம், ஐஸ் ஹாக்கி பார்க்கக் கூடுகிற கூட்டம், எதற்கும் என்னிடம்தான் தட்டுத் தட்டாக ஆர்டர் வரும். நான் இந்த நாட்டுக் குடிமகள். விற்க அனுமதி வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். யாருக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் சுருட்டுவது என்பது எங்கள் ஆட்களுக்கு வேலையே இல்லை, அது ஊர்வம்பு. ஒரு வீட்டில் லும்பியா சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் உள்ளே வருகிறவள் யாராக இருந்தாலும் கோட்டைக் கழற்றுவாள், கை கழுவுவாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். உட்காரலாமா என்று கேட்க மாட்டாள். கேட்டால் வீட்டுக்காரிக்குக் கோபம் வரும். வாங்கின கடனைத் திருப்பாதவளைக்கூட அந்த மேசையிலிருந்து யாரும் எழுப்பினது கிடையாது.

நான் எழுப்பினேன். ஜோவெலினை எழுப்பினேன்.

ஜோவெலின் என் தம்பி ரோடெலின் பெண்டாட்டி. அவனும் மகளும் பிலிப்பைன்ஸில், எங்கள் ஊர் இலோய்லோவில் இருக்கிறார்கள், இவள் மட்டும் இங்கே என்னோடு. வேலை ஒரு முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைத்துவிடுவது, படுக்கை மாற்றுவது. அவளை நான்தான் வரவழைத்தேன். சும்மா ஒன்றும் வரவழைக்கவில்லை. எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பெற்ற மகள் நான் இங்கே பனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டது மருமகள். பெற்ற பிள்ளை செய்யக் கூசுகிறதையெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் செய்தாள். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றே, இவளை இங்கே கொண்டுவந்து காலூன்ற வைக்காமல் விடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வந்தாள், வேலையில் சேர்ந்தாள், குடும்பத்தோடு இங்கேயே நிரந்தரமாகத் தங்குகிற பி.ஆருக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. விண்ணப்பம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று பதிலும் வந்துவிட்டது. இனி காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. அவளுடைய வேலை பெர்மிட்டில் அந்த இல்லத்தை நடத்துகிற கம்பெனியின் பேர் போட்டிருக்கும். அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம். வேறு எங்கே ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டாலும் வம்பு. இங்கே ஆர்லின் என்று ஒரு பெண் இருந்தாள். வாரக் கடைசியில் இரண்டு வீடு துடைத்துக் கொடுத்தாள். யாரோ புண்ணியவான் போட்டுக்கொடுத்துவிட்டான். அழுதுகொண்டே விமானம் ஏறினாள்.

ஆர்லின் போன வாரத்துச் சனிக்கிழமையே ஜோவெலினிடம் சொல்லிவிட்டேன். மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். ஜோவெலின் வேலை முடிந்து வந்தாள், கை கழுவினாள், உட்கார்ந்து மாவுத்தாளில் கை வைத்தாள். நான், "எழுந்திரிடி. பேப்பர் வர வரைக்கும் நீ இதைத் தொடக் கூடாது" என்றேன். விற்கிற பொருள் இல்லையா? காசு வாங்காமல் சுருட்டினாலும், கூலிக்கு ஒருத்தியை வைக்க வேண்டிய இடத்தில் இவள் உட்கார்ந்தால் அதுவும் வேலை என்றுதான் அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் "சரிக்கா" என்று எழுந்து தன் அறைக்குப் போனாள்.

அதன்பிறகு அவள் மேசைப் பக்கமே வருவதில்லை. அறையில் போய்ச் சாப்பிடுவாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். வேலை அசதி என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பேன்? நல்லது சொன்னேன், கேட்டுக்கொண்டாள், விஷயம் முடிந்தது. என் மண்டையில் அப்படித்தான் ஏறியிருந்தது.

இது இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஜனவரி மாதம் இடி விழுந்தது. முதியோர் இல்லத்தை இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்களாம். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து புது முதலாளி. யாருக்கும் வேலை போகாது என்று கேக் வெட்டிச் சொன்னார்கள். ஜோவெலினை மட்டும் புது மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, உன் பெர்மிட்டில் பழைய கம்பெனி பேர் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு உன்னை நான் வேலைக்குப் போட்டால் எனக்கும் கேடு உனக்கும் கேடு, யாரிடமும் வேலை செய்யலாம் என்கிற ஓப்பன் பெர்மிட் கொண்டுவா, உன் இடத்தைக் கொஞ்ச நாள் பிடித்துவைக்கிறேன் என்று சொன்னாளாம். நல்ல பொம்பளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் தபாலில் போட்டால் பெர்மிட் வருவதற்குள் பனி உருகி, புல் முளைத்து, மறுபடி பனி பெய்துவிடும். அதுவரை யார் இடம் பிடித்துவைப்பார்கள்? இந்த வேலையை நம்பித்தான் மாகாணமே அவள் பேரைப் பரிந்துரை செய்திருந்தது. வேலை போனால் பி.ஆரும் ஆட்டம் காணும். தம்பியும் பிள்ளையும் இலோய்லோவிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஒரே வழி, கொடிமரம் சுற்றுவது. எல்லாருக்கும் அது தெரியும். அமெரிக்க எல்லைக்கு வண்டியை விட வேண்டும். அவர்கள் ஒரு சீட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டு நம் பக்கத்துச் சாவடிக்கு வந்தால், புதிதாக நாட்டுக்குள் வருகிற மாதிரி கணக்கு. கவுன்டரில் காகிதத்தை நீட்டினால் அங்கேயே பார்த்து அங்கேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே முடியாது என்றும் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் கதை கந்தல்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. காகிதங்கள் பளிச்சென்று இருந்தன. "காலையில கிளம்புறோம், மதியம் ஓப்பன் பெர்மிட்டோட வரோம்" என்றேன். ஜோவெலின் "சரிக்கா" என்றாள். இந்த "சரிக்கா"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

வெளியே எச்சில் துப்பினால் கீழே விழுவதற்குள் உறைகிற குளிர். ஆனாலும் வெறுங்கையோடு ஒரு ஆபீசுக்குப் போகலாமா? எங்கள் ஊரில் யாராவது அப்படிப் போவார்களா? பள்ளிக்கூடமோ பஞ்சாயத்து ஆபீசோ, கையில் ஏதாவது தின்பண்டம் இல்லாமல் படியேற மாட்டோம். அதில் லஞ்சமும் கிடையாது ஒன்றும் கிடையாது, மரியாதை. விடிகாலையில் பொரித்த லும்பியாவை ஒரு பெரிய அலுமினியத் தட்டில் அடுக்கி, மூடி போட்டு, துண்டில் சுற்றிப் பின் சீட்டில் வைத்தேன். ஜோவெலின் அதைப் பார்த்துவிட்டு, எதற்கு இதெல்லாம் என்று மட்டும் கேட்டாள். வழியில் பசிக்காதா என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜோவெலின் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். காற்று வேறு பனியைத் தரையோடு தரையாக அடித்துக்கொண்டு போனது, ரோடு எங்கே வயல் எங்கே என்று தெரியவில்லை. இருபது வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன். அமெரிக்காக்காரன் வண்டியை எட்டிப் பார்த்தான், பின்னால் என்ன என்றான், கோழி லும்பியா என்றேன், தலையை ஆட்டினான். உள்ளே கூட்டிப்போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கொடிமரத்தைச் சுற்றும்போது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஜோவெலினும் போட்டுக்கொண்டாள். அன்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

நம் பக்கத்துக் கவுன்டரில் ஒரு பெண் அதிகாரி. ஐம்பது வயது இருக்கும், நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். சட்டையில் ஃப்ரீசன் என்று பேர். எங்கள் பக்கத்து மெனொனைட் சபை ஜனங்களில் தடுக்கி விழுந்தால் ஒரு ஃப்ரீசன் மேல்தான் விழ வேண்டும். அட, நம்மூர்க்காரி என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இரண்டு கேள்வி கேட்டாள். எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிகிறது, உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்றாள். நான் ஜோவெலினைப் பார்த்து, பார்த்தாயா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினேன்.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். பசி. வண்டிக்குப் போய்த் தட்டை எடுத்துவந்தேன். மூடியைத் திறந்தால் அந்த அறை முழுக்க வாசனை. பக்கத்தில் ஒரு லாரிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு மனுஷன் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் வாயில் போட்டுக்கொள்வதாவது! நீட்டினேன். அவர் இரண்டு எடுத்து, தின்று, இன்னும் இரண்டு எடுத்தார். அந்த ஜோரில் தட்டோடு கவுன்டருக்கே போய்விட்டேன்.

ஃப்ரீசன் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேளுங்கள் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவள் கண் தட்டின் மூடியில் இருந்த ஸ்டிக்கரில் நின்றது. 'ஹெர்மியின் லும்பியா', கீழே என் போன் நம்பர், ஆர்டருக்கு அழைக்கவும்.

"இது வியாபாரமா?" என்றாள்.

எனக்கு மார்பு விரிந்தது. ஆமாம், தெற்கு மானிட்டோபாவிலேயே இதற்கு ஈடு கிடையாது என்றேன். இவ்வளவையும் யார் செய்கிறார்கள் என்று கேட்டாள். வீட்டில் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்வோம், எங்கள் வழக்கமே அதுதான் என்று சொல்லி முடிக்கும்போதே அவள் பார்வை என்னைத் தாண்டி நாற்காலியில் இருந்த ஜோவெலின் மேல் போய்விட்டது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"இவங்க உங்க வீட்லதானே இருக்காங்க?"

என் வாயை நானே தைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. ஒரு நாக்கு, ஒரே ஒரு பெருமை, அதில் தம்பி குடும்பம் மொத்தமும் தொங்குகிறது. இவள் தொட்டதே இல்லை மேடம் என்று ஆரம்பித்தேன். இப்போதுதானே எல்லாரும் செய்வோம் என்றீர்கள் என்றாள். நான் விடுவேனா? உங்கள் சர்ச் கீழ்த்தளத்தில் பாட்டிமார்கள் எல்லாம் உட்கார்ந்து பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்கிறார்களே, அவர்களிடமெல்லாம் போய் பெர்மிட் கேட்பீர்களா என்று கேட்டுவிட்டேன். நம்மூர்க்காரி, இதில் மடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு துளியும் மடங்கவில்லை.

"அது தர்மத்துக்கு. உங்களுது விலைக்கு. நீங்க போய் அந்த நாற்காலியில உக்காருங்க. நடுவுல ஒரு வார்த்தை பேசினாலும் ஃபைலை மூடிடுவேன்."

போய் உட்கார்ந்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். சூடு தொடையில் ஏறியது, அதை எடுத்துக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஜோவெலின் கவுன்டரில் நின்றாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

ஃப்ரீசன் கேட்டாள், அக்காவின் வியாபாரத்துக்கு நீ சுருட்டிக் கொடுத்ததுண்டா?

"இல்ல மேடம்."

ஒன்றுகூடவா? சும்மா பேசிக்கொண்டே, ஒத்தாசைக்கு?

"ஒண்ணுகூட இல்ல. அவங்க விட மாட்டாங்க."

ஏன் விட மாட்டார்கள் என்று கேட்டாள். சட்டத்தைச் சொல்லுடி, பேப்பருக்காக என்று சொல்லுடி என்று நான் மனசுக்குள் கத்தினேன். ஜோவெலின் தன் இரண்டு கையையும் எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தாள்.

"இந்தக் கைதான் மேடம் காரணம். நான் வயசானவங்களைக் கழுவிவிடுறவ. அவங்க மலம் மூத்திரம் அள்ளுறவ. இந்தக் கை சாப்பாட்டுல பட்டா அவங்களுக்கு அருவருப்பு. வாயால அப்படிச் சொல்லல, பேப்பர் வர வரைக்கும்னாங்க. எனக்குத் தெரியாதா? எங்க ஊர்ல வழியில போறவளைக்கூட உக்கார வச்சு சுருட்டச் சொல்லுவாங்க. என்னை மட்டும் எழுந்திரின்னாங்க, அத்தனை பேர் முன்னாடி. நான் கை கழுவிட்டுத்தான் உக்காந்தேன்."

லாரிக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. இத்தனை மாதம் "சரிக்கா, சரிக்கா" என்று விழுங்கினதெல்லாம் இப்போது வந்தது. அன்றிலிருந்து தன் அறையில்தான் சாப்பிடுகிறாளாம். என் லும்பியாவை வாயில் வைப்பதில்லையாம். வீட்டில் அந்த வாசனை வந்தாலே அழுகை வருகிறதாம். பெர்மிட் கிடைத்ததும் முதல் காரியமாக வேறு வீடு பார்த்துப் போய்விடுவதாக ரோடெலிடம்கூடச் சொல்லியாயிற்றாம். "இன்னைக்கு இந்தத் தட்டைத் தூக்கிட்டு வந்ததே என்னைக் குத்திக் காட்டத்தான், மேடம்" என்றாள்.

நான் என்ன பாடுபட்டேன் என்று உங்களுக்குச் சொல்லி மாளாது. எழுந்து போய் அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலக் கை பரபரத்தது. அருவருப்பா? எனக்கா? அதுவும் அந்தக் கையைப் பார்த்தா? ஆனால் ஒரு வார்த்தை பேசினால் ஃபைலை மூடிவிடுவாள். என் வாழ்நாளில் நான் பதில் சொல்லாமல் விட்ட குற்றச்சாட்டு அது ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. ஃப்ரீசன் ஒரு தடவை என் பக்கம் திரும்பி என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் ஜோவெலினின் கையைப் பார்த்தாள். வெந்நீரிலும் மருந்துச் சோப்பிலும் வெடித்த கை. பிறகு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே போனவள் வரவே இல்லை. சுவரில் இங்கிலாந்து ராணி படம். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். ஜோவெலின் கவுன்டரிலேயே நின்றாள், என் பக்கம் திரும்பவில்லை. சொன்னது சொல்லியாகிவிட்டது, இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்கிற மாதிரி நின்றாள். அந்த நிலையிலும் அவள் முதுகு நேராக இருந்தது. எங்கள் அம்மா பார்த்திருந்தால் ரசித்திருப்பாள்.

உள்ளே பிரின்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஃப்ரீசன் காகிதத்தோடு வந்தாள். முதலாளி பேர் போட வேண்டிய இடத்தில் யாருடைய பேரும் இல்லை, இனி நீ எந்த முதலாளியிடமும் எந்த வேலையும் செய்யலாம், பேரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்றாள். ஜோவெலின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஃப்ரீசன் என்னைப் பார்த்து, "இப்ப நீங்க பேசலாம். ஆனா இங்க வேணாம். ஸ்டைன்பாக் போய்ச் சேர நிறைய நேரம் இருக்கு" என்றாள். தட்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினதும் ஆரம்பித்தேன்.

"அடிப்பாவி! எனக்கு உன் கை அருவருப்பா? எங்கம்மா கடைசி வாய்க் கஞ்சி யாரு கையில குடிச்சா? என் கையிலயா? செத்ததுக்கப்புறம் அவளைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டது யாரு கை? ஏண்டி, அந்தக் கைக்குக் கேடு வந்துடக் கூடாதுன்னு நான் ஊரெல்லாம் கொடுமைக்காரின்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருக்கேன், நீ என்னைப் பத்தி இப்படியா நினைச்ச?"

ஜோவெலின் மடியில் பெர்மிட்டை வைத்துக்கொண்டு முன்னால் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அன்னைக்கு இதைச் சொல்றதுக்கு என்னக்கா?" என்றாள்.

"எண்ணெய் காஞ்சிட்டு இருந்துச்சுடி!"

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது, எவ்வளவு கேவலமான பதில் என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு துடித்தது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தோம். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அன்று எழுப்பினது சரிதான், இன்னொரு தடவை அப்படி ஒரு நிலைமை வந்தாலும் எழுப்புவேன். எண்ணெய் தீய்ந்தாலும் பரவாயில்லை என்று காரணத்தைச் சொல்லி எழுப்புவேன்.

பின் சீட்டிலிருந்து அவளே தட்டை எடுத்தாள். ஆறிப்போய், மொறுமொறுப்பு போயிருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உப்புக் குறைச்சல் என்றாள். அத்தனை மாதத்தில் நான் செய்ததைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை.

அந்த வாரச் சனிக்கிழமை ஒரு கல்யாண ஆர்டர். மேசையைச் சுற்றி நெனிதாவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஜோவெலின் வேலை முடிந்து வந்தாள். புது முதலாளி, புது பேட்ஜ், பழைய வேலைதான். கோட்டைக் கழற்றினாள். போய்க் கை கழுவினாள். நெனிதா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள், இப்போது இந்த ராட்சசி என்ன சொல்லப்போகிறாளோ என்று. நான் என் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டேன். ஜோவெலின் உட்கார்ந்து மாவுத்தாள் ஒன்றை எடுத்து விரித்தாள், கறியை வைத்தாள், மடித்தாள். சுருட்டப்போனவள் அப்படியே கையை நிறுத்திக்கொண்டாள்.

"மணிக்கு எவ்வளவுக்கா?" என்றாள்.

மேசையே நின்றுவிட்டது. நெனிதாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"ஓப்பன் பெர்மிட்டாச்சே" என்றாள் ஜோவெலின். "இனிமே எதுக்கு நான் சும்மா சுருட்டணும்?"

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளை அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். கை முழுக்க மாவு. நெனிதாவுக்கு என்ன தருகிறேனோ அதேதான், சம்பளச் சீட்டோடு தருகிறேன், வரியும் பிடிப்பேன், சுருட்டுடி என்றேன்.